ஒற்றியில் நிற்கும் காணியும் வயதான தந்தையாரும்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களைச் சந்திக்கும்போது அடிக்கடி எம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது: "காணி ஐயாவின் பெயரில் இருக்கிறது. எண்பதுகளில் ஒற்றி வைத்தவர். இப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவரை அலைக்கழிக்காமல் இதை முடிக்க வழி உண்டா?"

வழி உண்டு. ஆனால் அலைக்கழிக்காமல் முடிப்பது வேறு, அவருக்குத் தெரியாமல் முடிப்பது வேறு. பல பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென எண்ணிவிடுகிறார்கள். பழைய கடன் கதையை எடுத்தால் ஐயா நித்திரை கொள்ளமாட்டார், நெஞ்சு வருத்தம் கூடிவிடும் என்று எல்லாவற்றையும் மறைத்து, கடைசியில் நொத்தாரிசு வீட்டுக்கு வந்து உறுதியை வாசிக்கும்போதுதான் அவர் முதன்முதலாகக் கேட்கிறார். அந்த வேளையில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டால் அதற்கு அவரைக் குறை கூற முடியாது. கச்சேரிக்கும் பதிவகத்துக்கும் நடக்கும் நடையையும், ஒற்றிக்காரரோடு பேரம் பேசும் சங்கடத்தையும், காசு தேடும் கவலையையும் பிள்ளைகள் தாங்கிக் கொள்ளலாம். காணி பற்றிய முடிவு அவருடையது. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒற்றியா, ஈடா, அறுதியா?

முதலில் பழைய எழுத்து என்ன எழுத்து என்று அறிய வேண்டும். பேச்சில் எல்லாவற்றையும் "ஈடு வைத்தது" என்றே சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் இவை வெவ்வேறானவை.

ஒற்றி என்பது யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்கம். ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்டமாக ஏற்கப்பட்ட தேசவழமையிலும் இதற்கு இடமுண்டு. காசு கொடுத்தவர் காணியைத் தானே ஆண்டு விளைச்சலை எடுத்துக்கொள்வார். அந்த விளைச்சலே வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். ஈட்டில் காணி உரிமையாளரின் கையிலேயே இருக்கும்; கடனுக்கு வட்டி ஓடும். தனியார் கடனில் நிலுவை வட்டி முதலுக்கு மேற்பட்டு அறவிடப்படலாகாது என்பது எமது நாட்டில் நெடுங்காலமாக உள்ள விதி. வட்டிக் கணக்குக் காட்டி வெருட்டப்படுகிறவர்கள் இதைச் சட்டத்தரணியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. கடன் கொடுத்தவரின் பெயருக்குக் காணியை அறுதியாக எழுதி, "இத்தனை வருடத்துக்குள் காசைத் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பார்கள். தந்தையாருக்கு அது "ஈடு" என்றே நினைவிருக்கும். உறுதியிலோ அது விற்பனை. தவணை தவறினால் காணியை மீட்பது மிகவும் கடினம். ஆகவே தந்தையார் சொல்வதை மட்டும் நம்பி ஒற்றிக்காரரிடம் போய்ப் பேசத் தொடங்க வேண்டாம். முதலில் உறுதியைப் பாருங்கள்.

"உறுதி எங்கே இருக்கிறது? 1990இல் உடுத்த உடுப்போடு ஓடினோம்" என்பீர்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் வெளியேறியபோதும், 2008, 2009இல் வன்னிச் சனம் ஓடியபோதும் இழந்த உறுதிகளுக்குக் கணக்கில்லை. எனினும் வீட்டில் இருந்த பிரதி அழிந்தால் உறுதியே அழிந்துவிட்டது என்று பொருளில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியிலும் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் காணியின் பெயரையும் கிராமத்தையும் கொண்டு தோம்பு பார்க்க வேண்டும். காணியில் எவை எழுதப்பட்டுள்ளன, எந்த ஒற்றி மீட்கப்படாமல் நிற்கிறது என்பதெல்லாம் தோம்பில் வரும்.

இந்த இடத்தில்தான் தந்தையார் உங்களுக்குத் தேவைப்படுகிறார். காணியின் பெயர், நாலு எல்லையிலும் அந்நாளில் இருந்தவர்கள், கிணற்றில் எத்தனை பங்கு, வாய்க்கால் யாருடைய காணிக்கூடாக வந்தது, ஒற்றிக் காசு எந்தத் தேவைக்கு வாங்கப்பட்டது, அரைவாசி இடையில் கட்டப்பட்டதா என்பன அவருடைய நினைவில் மட்டுமே இருக்கின்றன. பத்துத் தடவை துருவித் துருவிக் கேட்டு அவரைக் களைக்க வைக்காதீர்கள். காலை வேளையில், அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், ஒரு பிள்ளை மட்டும் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் கேட்டு எழுதுங்கள். கடனைப் பற்றித் தொடங்காமல் காணியைப் பற்றித் தொடங்கினால் அவரே கடனுக்கு வருவார். வெங்காயம் வைத்த கதையும் புகையிலை உணர்த்திய கதையும் இடையில் வரத்தான் செய்யும், வரட்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக் கடதாசியாக முடித்து வைத்தால், நாளைக்கு எல்லைப் பிணக்கு வரும்போது அவரை மறுபடி இழுக்க வேண்டியிராது. காணி விடுவிக்கப்பட்டிருந்து அவரால் பயணம் செய்யவும் முடியுமானால், ஒரு முறை கூட்டிச் சென்று எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். பழைய கதியால் ஒன்றும் இல்லாத பற்றைக்குள்ளும் பூவரசின் அடிக்கட்டையை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

எவ்வளவு கொடுத்து மீட்பது?

சண்டை வரும் இடம் இதுதான். 1986இல் வாங்கிய முப்பதாயிரம் ரூபாவுக்கு இன்று என்ன கொடுப்பது? சட்டத்தைக் கேட்டால், உறுதியில் எழுதப்பட்ட தொகையே மீட்புத் தொகை. உரிமையாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒற்றிக்காரரோ அன்றைக்கு அந்தக் காசுக்கு எத்தனை பவுண் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டு, அத்தனை பவுணின் இன்றைய விலையைக் கேட்பார். இரண்டு பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. முழு நியாயம் ஒரு பக்கத்திலும் இல்லை என்பது எமது கருத்து.

ஒற்றிக்காரர் காணியைச் செய்த வருடங்களுக்கு அவர் வட்டியை விளைச்சலாக எடுத்துவிட்டார். ஆகவே அந்தக் காலத்தையும் சேர்த்துப் பவுண் கணக்குக் கேட்பது முறையல்ல. அதேவேளை, 1990க்குப் பின் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிருந்தால் அவரும் ஒரு பிடி வெங்காயம் எடுத்திருக்கமாட்டார். அவரும் உங்களைப் போலவே இடம்பெயர்ந்து, கொடுத்த காசும் இல்லாமல், காணியும் இல்லாமல் இருந்தவராக இருக்கலாம். அவருக்கு முப்பதாயிரம் ரூபாவை நீட்டுவது சட்டத்துக்குச் சரி. அவருடைய முகத்தைப் பார்த்து நீட்ட உங்கள் தந்தையாரால் முடியுமா என்பது வேறு கேள்வி. அந்தத் தலைமுறைக்கு வாக்கு என்பது உறுதியை விடப் பெரிது. பிள்ளைகள் சட்டத் தொகைக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டோம் என்று நின்றதால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் போனது என்று வருந்தும் முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். காசைச் சேமித்துக் கொடுத்தாலும் அவரை நோகவைத்துவிட்டால் என்ன பயன்?

நடைமுறையில் நல்லபடி முடிந்த இடங்களில், விளைச்சல் எடுத்த வருடங்களைக் கழித்து, காணி வெறுமையாகக் கிடந்த வருடங்களின் இழப்பை இரு பகுதியும் பங்கிட்டு, பற்றை வெட்டித் துப்புரவாக்கிய செலவையும் கிணறு இறைத்த செலவையும் கணக்கில் எடுத்து ஒரு தொகைக்கு வந்திருக்கிறார்கள். ஒத்துவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே எழுதும் இணக்கம் உறுதியாகாது. மீட்பை நொத்தாரிசு முன்னிலையில் எழுதியே ஆகவேண்டும். ஒற்றிக்காரர் காசை வாங்கவே மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் காசைக் கட்டி மீட்பு வழக்குத் தொடரலாம். வழக்கு வருடக்கணக்கில் நீளக்கூடும் என்பதால் அதைக் கடைசி வழியாகவே கொள்ளுங்கள்.

"முப்பது வருடமாக ஆளுகிறேன், இனிக் காணி எனக்குத்தான்" என்று சொல்பவர்களும் உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி பத்து வருடம் எதிராட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்பது உண்மை. ஆனால் ஒற்றியின் பேரில் உள்ளே வந்தவர் ஒற்றிக்காரராகவே ஆளுகிறார். வருடம் ஓடியதால் மட்டும் அவர் சொந்தக்காரராகிவிடமாட்டார். ஒற்றியோ எழுத்தோ இல்லாமல் பிறத்தியார் வந்து குடியிருந்தால் நிலைமை வேறு. யுத்தத்தால் வழக்குப் போட முடியாதிருந்தவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும் விசேட சட்டமொன்று 2016இல் வந்தது. அது கொடுத்த இரண்டு வருட அவகாசம் முடிந்துவிட்டது. ஆகவே அப்படியான காணியுடையவர்கள் இனியும் தாமதிப்பது நல்லதல்ல.

ஒற்றிக்காரர் இறந்திருந்தால் அவருடைய உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கனடாவிலும் ஒருவர் பிரான்சிலும் இருந்தால் அங்குள்ள எமது தூதரகம் ஊடாக அற்றோணித் தத்துவம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் ஒரு மகனிடம் காசைக் கொடுத்து ஒரு துண்டில் கையெழுத்து வாங்கி வருவது மீட்பாகாது. காலங்கடந்துபோன பழைய ஈடுகளுக்கும் இது பொருந்தும். கடன் கேட்டு வழக்குப் போடும் காலம் போயிருக்கலாம். ஆனால் தோம்பில் ஈடு அப்படியே நிற்கும்வரை வங்கி உங்களுக்குக் கடன் தராது.

மீட்புக் காசு யாருடையது?

பிள்ளைகள் பெரும்பாலும் இதைப் பேசாமலே விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் காசு அனுப்புவார், தம்பி மீட்பார், தங்கைக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து வருடம் போனபின் அண்ணனின் மனைவி, "காணியை மீட்டது நாங்கள்" என்பார். நடுவில் அகப்படுபவர் தந்தையார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காணி 13 பரப்பு, பிள்ளைகள் மூவர், மீட்புத் தொகை மூன்று இலட்சம் ரூபா, முழுவதையும் மூத்தவர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காசு தந்தையாருக்குக் கொடுத்த நன்கொடை என்றால் காணியை மூவருக்கும் சமமாகப் பிரிக்கலாம். கடன் என்றால் மற்ற இருவரும் தலைக்கு ஓர் இலட்சம் அவருக்குத் திருப்பவேண்டும். எந்தப் போகத்தில் எவ்வளவு என்பதையும் எழுதவேண்டும். காணியாகத் தருவதென்றால், ஊர் விலை பரப்பு மூன்று இலட்சமாக இருக்குமிடத்து, பொதுவிலிருந்து ஒரு பரப்பை அவருக்கு ஒதுக்கி மீதி 12 பரப்பை நந்நான்காகப் பிரிக்கலாம். அவருக்கு ஐந்து, மற்றவர்களுக்கு நான்கு நான்கு. மூன்றும் நியாயமான வழிகளே. எது என்று காசு வருமுன் தீர்மானித்து எழுதி மூவரும் ஒப்பமிட வேண்டும். மகளுக்கு முன்பே சீதனம் கொடுத்திருந்தால் அதையும் இப்போதே வாய்விட்டுப் பேசுங்கள். காணியை ஊரில் நின்று செய்யப்போகிறவர் யார் என்பதையும் பேசுங்கள். இந்தக் கூட்டத்துக்குத் தந்தையாரை அழைக்க வேண்டாம் என்றே நாம் சொல்வோம். பிள்ளைகள் குரலுயர்த்திப் பேசித் தீர்த்தபின், தீர்ந்ததை அவரிடம் கொண்டுபோய்ச் சொல்லி அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். அவர் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

தோட்டக் காணியைப் பிரிக்கும்போது பரப்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கிணற்றில் பங்கு, இறைப்பு முறை, வழிவாய்க்கால், பாதை ஆகியன ஒவ்வொரு துண்டுக்கும் உறுதியில் எழுதப்படவேண்டும். தண்ணீர் உரிமை எழுதப்படாத நாலு பரப்புச் செம்மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தாயார் காலமாகியிருந்தால் இன்னொரு விடயம் உண்டு. அவருடைய சீதனக் காணி பிள்ளைகளுக்கு வந்திருக்கும். கலியாணத்தின் பின் வாங்கிய தேடியதேட்டத்திலும் பிள்ளைகளுக்குப் பங்கு விழுந்திருக்கக்கூடும். அப்படியான காணியைத் தந்தையாரின் கையெழுத்தால் மட்டும் முழுதாக மாற்ற முடியாது. நொத்தாரிசிடம் தாயாரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் கொண்டு செல்லுங்கள்.

தந்தையாரின் கையெழுத்து

முதலில் மீட்பு, பிறகு நன்கொடை என்ற ஒழுங்கு நல்லது. ஒற்றியோடு காணியை எழுதினால் ஒற்றியும் காணியோடு போகும். மீட்பின்போது காசை நொத்தாரிசின் முன்னால் எண்ணிக் கொடுத்து, பழைய ஒற்றி உறுதியைக் கையில் வாங்கி, மீட்பை எழுதிப் பதியவேண்டும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே இருக்கும்போது ஒப்பமிடப்பட வேண்டும். அதற்காகத் தந்தையாரை வாகனத்தில் ஏற்றிப் பட்டினத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. நொத்தாரிசு வீட்டுக்கு வரலாம். கை நடுங்குமானால் பெருவிரல் அடையாளம் போதும். ஆனால் உறுதியை அவருக்கு விளங்கும்படி வாசித்துச் சொல்ல வேண்டும்; அவசரப்படுத்த விடாதீர்கள். சாட்சிகள் காணியில் பங்கு பெறாத அயலவர்களாக இருப்பது நல்லது.

நன்கொடை எழுதும்போது அவருடைய சீவிய உரித்தை ஒதுக்காமல் எழுத வேண்டாம். சீவிய உரித்து என்றால் காணி பிள்ளையின் பெயருக்குப் போகும், ஆனால் அவர் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கவும் பயனெடுக்கவும் அவருக்கு உரிமை இருக்கும். "நாங்கள் ஐயாவை வெளியே விடுவோமா, இதெல்லாம் எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் விடமாட்டீர்கள். உங்களுக்குப் பின் உறுதியைக் கையில் எடுப்பவர்களை யார் அறிவார்? நாளைக்கு அந்தக் காணியை வைத்து வங்கிக் கடன் எடுக்கப் போனால், சீவிய உரித்தை விட்டுத் தரும்படி வங்கி கேட்கும். அப்போது மறுபடி அவரிடம்தான் போக வேண்டிவரும். ஆகவே வீடு நிற்கும் துண்டைக் கடனுக்கு வைப்பதில்லை என்று இப்போதே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நன்கொடை வேண்டாம் என்று அவர் நினைத்தால் மரண சாதனம் எழுதலாம். அதை அவர் எப்போதும் மாற்றலாம் என்பது அவருக்கு நிம்மதி. பின்னால் நீதிமன்றச் செலவு வரக்கூடும் என்பது பிள்ளைகளுக்குப் பாரம். பதிவகம், பிரதேச செயலகம், வங்கி என்று நடப்பதற்கு ஒரு பிள்ளைக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்தால் அவர் கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. ஆனால் அந்தத் தத்துவத்தைக் கொண்டு காணியைத் தன் பெயருக்கே எழுதிக்கொள்வது வழக்குக்கு வாசல் திறப்பதாகும். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும்.

நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தால் தாமதிக்காமல் வைத்தியர் ஒருவரிடம் காட்டி, அவர் விளங்கி ஒப்பமிடும் நிலையில் இருக்கிறார் என்று அந்த நாட்களிலேயே கடிதம் பெறுங்கள். நினைவு முற்றாகப் போய்விட்டிருந்தால் கையைப் பிடித்துப் பெருவிரல் வைக்க வேண்டாம். அது செல்லாத உறுதி. நீதிமன்றத்தின் மூலம் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பதே அப்போது வழி.

அனுமதிப்பத்திரக் காணிகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளின் குடியேற்றத் திட்டங்களில் உள்ள பெருமளவு காணிகளுக்கு மேலே சொன்னவை பொருந்தா. அவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணிகள். அவற்றைக் கைத்துண்டில் ஒற்றி வைப்பது செல்லாது, அனுமதிப்பத்திரமே இரத்தாகக்கூடும். வாங்கிய காசைக் கடனாகத் திருப்பிக் கொடுத்து, காணியைக் கையில் எடுத்து, துண்டைக் கிழித்துவிடுவதே உத்தமம். நன்கொடைக்குப் பதிலாகத் தந்தையார் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவு செய்யவேண்டும். அதை அவர் பின்னர் மாற்றவும் முடியும். தாயார் உயிரோடு இருந்தால், நியமிக்கப்பட்டவர் யாராயினும், அவருடைய சீவிய காலத்துக்கு உரிமை முதலில் அவருக்கே.

எல்லாம் எழுதி முடிந்தபின் உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகிவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நொத்தாரிசு பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட வேண்டாம். பிரதேச சபையின் சோலைவரி இடாப்பிலும், வயலாயின் கமநல சேவை நிலையத்தின் பதிவிலும் பெயர் மாற்ற வேண்டும். பசளை மானியம் அந்தப் பதிவைக் கொண்டே வருகிறது. பிரதிகள் மூன்று எடுத்து, ஒன்றை வெளியூரில் உள்ள பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். மூல உறுதியைத் தந்தையாரின் பெட்டியிலேயே வைக்கலாம்.